விண்டோஸ் 7 கணினியில் கான்டாக்ட்ஸ், சேவ்ட் கேம்ஸ், சர்ச்சஸ் போன்ற ஃபோல்டர்களை அழித்தாலும் திரும்ப வருகின்றனவே, நிரந்தரமாக நீக்க முடியாதா?

அழிக்காதீர்கள், மறைத்துவிடுங்கள். விண்டோஸ் 7-இல் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் இப்படி 11 ஃபோல்டர்கள் உண்டு. ஒவ்வொன்றின் இருப்பிடமும் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கிறது. நீங்கள் அழித்தாலும், ஏதாவது ஒரு மென்பொருள் அந்த இடத்தைக் கேட்டால் விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடும். அழிப்பதால் இடமும் மிச்சமாகாது. காலி ஃபோல்டருக்குள் இருப்பது டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்ற சில நூறு பைட் கோப்பு மட்டுமே.

ஸ்டார்ட் மெனுவின் வலப்பக்கம் மேலே உள்ள உங்கள் பெயரைக் கிளிக் செய்யுங்கள். வேண்டாத ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் பக்கத்தில் ஹிடன் என்பதை டிக் செய்து ஓகே. உள்ளே ஏதாவது இருந்தால், அவற்றுக்கும் சேர்த்தா என்று கேட்கும். இந்த ஃபோல்டருக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் மங்கலாகத் தெரிந்தால் ஆர்கனைஸ் → ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ் → வியூ பக்கத்தில், மறைந்த கோப்புகளைக் காட்டாதே என்ற தேர்வை வையுங்கள்.

அந்த 11-இல் ஒன்றான லிங்க்ஸ் ஃபோல்டரை மறைக்கலாம், உள்ளே இருப்பதை அழிக்காதீர்கள். எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் ஃபேவரிட்ஸ் என்று தெரியும் பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது. ஃபேவரிட்ஸ் என்ற தனி ஃபோல்டரில் இருப்பவை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் புக்மார்க்குகள்.

இடப்பக்கம் உள்ள மியூசிக், வீடியோஸ் முதலியவை லைப்ரரிகள், அதாவது வேறு ஃபோல்டர்களில் இருக்கும் கோப்புகளை ஒன்றாகக் காட்டும் பட்டியல்கள். அவற்றில் ரைட் கிளிக் செய்தால் நேவிகேஷன் பேனில் காட்டாதே என்ற தேர்வு வரும், அது போதும். லைப்ரரியையே நீக்கினாலும் பாட்டும் படமும் பத்திரமாக இருக்கும். லைப்ரரிக்குள் போய் ஒரு கோப்பை அழித்தால் மட்டும் அசலே போய்விடும். நீக்கிய லைப்ரரி மறுபடி வேண்டுமென்றால் லைப்ரரீஸ் மீது ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் டீஃபால்ட் லைப்ரரீஸ் கொடுக்கலாம்.

பூட்டு அடையாளத்துடன் அப்ளிகேஷன் டேட்டா, லோக்கல் செட்டிங்ஸ் என்று தெரிந்து, திறந்தால் அனுமதி இல்லை என்று வருபவை ஃபோல்டர்களே அல்ல. பழைய மென்பொருள்களைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட வைத்த வழிகாட்டிகள். தொடவே வேண்டாம்.

பலர் மாட்டிக்கொள்வது, ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் அதன் இருப்பிடத்தை மாற்ற உதவும் லொகேஷன் பக்கத்தில்தான். சி டிரைவில் இடமில்லை என்று டாக்குமென்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றுகிறார்கள், ஆனால் தனி ஃபோல்டர் உருவாக்காமல் டிரைவின் அடியையே, அதாவது வெறும் D:\ என்பதையே, காட்டிவிடுகிறார்கள். உடனே டி டிரைவ் முழுவதும் மை டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும். அடுத்து மியூசிக்கையும் அங்கேயே காட்டினால் இரண்டும் ஒன்றாகி, ரீஸ்டோர் டீஃபால்ட் கொடுத்தாலும் மாற்ற மறுக்கும். மாற்றும்போது டி டிரைவில் டாக்குமென்ட்ஸ், மியூசிக் என்று தனித்தனி ஃபோல்டர் போட்டு அவற்றையே காட்டுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், அந்தத் தனி ஃபோல்டர்களை இப்போது உருவாக்கிவிட்டு ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். எச்கீ கரன்ட் யூசர் (HKEY_CURRENT_USER), சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் இருக்கும். முதலில் ஃபைல் → எக்ஸ்போர்ட் கொடுத்து நகல் எடுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். அங்கே பெர்சனல் என்று இருப்பதுதான் டாக்குமென்ட்ஸ். மை மியூசிக், மை பிக்சர்ஸ், மை வீடியோ அந்தந்தப் பெயரிலேயே இருக்கும். தவறான ஒவ்வொன்றிலும் புதிய ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுத்து, லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். பழைய கோப்புகளை நீங்களே கையால் நகர்த்த வேண்டும். டிரைவின் பெயர் இன்னும் மை டாக்குமென்ட்ஸ் என்றே தெரிந்தால், டி டிரைவின் அடியில் மறைந்திருக்கும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ கோப்பை அழியுங்கள்.