ஜப்பான், 1946: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போரில் தோற்ற ஜப்பான், நேசநாட்டுப் படைகளின் ஆளுகையில் கழித்த முதல் முழு ஆண்டைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்): ஜப்பானின் அரசியலமைப்பை அமெரிக்கர்களே ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

பதில்: முதல் வரைவைப் பொறுத்தவரை ஏறத்தாழ உண்மைதான். ஜப்பானிய அரசு அமைத்த மட்சுமோட்டோ குழு, பேரரசரிடமே இறையாண்மை இருந்த மெய்ஜி காலத்து (19-ஆம் நூற்றாண்டு) அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே காப்பாற்ற முயன்றது. அக்குழுவின் வரைவு ஒன்றை மைனிச்சி நாளிதழ் பிப்ரவரி 1 அன்று அம்பலப்படுத்தியதும், நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியான அமெரிக்கர் மக்ஆர்தர் தம் தலைமையகத்தின் அரசுப் பிரிவிடமே அப்பணியை ஒப்படைத்தார். பிப்ரவரி 13 அன்று அவர்களின் வரைவு ஜப்பானியத் தரப்பிடம் கொடுக்கப்பட்டது. திருமணம் இருவர் சம்மதத்தின்மீது மட்டுமே அமைய வேண்டும் என்னும் பிரிவுக்கு அடித்தளமிட்டவர், அப்பிரிவில் பணியாற்றிய, டோக்கியோவில் வளர்ந்த 22 வயதுப் பெண்ணான பியாட்டே சிரோட்டா. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. கோடைக்காலம் முழுவதும் நாடாளுமன்றம் அதை விவாதித்தது. ஆரோக்கியமும் பண்பாடும் உள்ள குறைந்தபட்ச வாழ்க்கை ஒவ்வொருவரின் உரிமை என்னும் வாசகத்தை ஜப்பானிய சோசலிஸ்டுகளே சேர்த்தனர். ஆகவே 'திணிக்கப்பட்ட சட்டம்' என்பது பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): ஏப்ரல் தேர்தலில் பெண்கள் அவ்வளவு பேர் வென்றது எப்படி?

பதில்: ஏப்ரல் 10 அன்று முதன்முறையாக வாக்களித்த பெண்கள், 466 இடங்கள் கொண்ட கீழவைக்கு 39 பெண்களை அனுப்பினர். இச்சிகாவா ஃபுசாயே போன்றோர் 1920-களிலிருந்தே வாக்குரிமைக்குப் போராடி வந்ததை மறந்துவிட்டு, இதை மக்ஆர்தரின் கொடையாக மட்டும் பேசுவது நியாயமன்று. தேர்தல் முறையும் உதவியது: பெரிய தொகுதிகளில் வாக்காளர் ஒருவர் இரண்டு அல்லது மூன்று பெயர்களை எழுதலாம் என்பதால், ஆண் வேட்பாளரைக் கைவிடாமலே ஒரு பெண்ணுக்கும் வாக்களிக்க முடிந்தது. மறு ஆண்டு ஒரே பெயர்தான் என்று விதி மாறியதும் எண்ணிக்கை 15 ஆகச் சரிந்தது. கீழவையில் 39 என்ற எண்ணிக்கையைத் தாண்ட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்): சாதாரண மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

பதில்: இந்த ஆண்டைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது பசியைத்தான். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் தானியம் என்பது பங்கீட்டு அளவு. அதுவும் பல நாள் தாமதமாகவே வந்தது. நகரவாசிகள் கிமோனோக்களை மூட்டைகட்டிக்கொண்டு நெரிசல் மிகுந்த ரயில்களில் கிராமங்களுக்குச் சென்று அரிசிக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் மாற்றினர். மற்றவற்றுக்குக் கள்ளச்சந்தை இருந்தது. விலைவாசியை அடக்கப் பிப்ரவரியில் அரசு வங்கி இருப்புகளை முடக்கி, குடும்பத் தலைவருக்கு மாதம் 300 யென்னும் மற்ற ஒவ்வொருவருக்கும் 100 யென்னும் மட்டுமே எடுக்க அனுமதித்தது. பழையவற்றுக்கு மாற்றாக அறிவித்த புதிய நோட்டுகளைப் போதுமான அளவில் அச்சிட நேரமில்லாததால், பழைய நோட்டுகளில் முத்திரைச் சீட்டு ஒட்டிப் புழங்கவிட்டார்கள் என்பது தங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். விலைகளோ அடங்கவில்லை. புத்தாண்டு நாளில் தம் தெய்வத்தன்மையை மறுத்திருந்த பேரரசரின் அரண்மனை முன்பே, மே 19 அன்று பெருந்திரளான மக்கள் கூடிச் சோறு கேட்டனர். ஓராண்டுக்கு முன் நினைத்தும் பார்த்திருக்க முடியாத காட்சி அது. மறுநாளே மக்ஆர்தர் அவர்களை எச்சரித்து அறிக்கை விட்டார். சனநாயகம் கற்பிக்க வந்தவருக்கு அதன் ஓசை பிடிக்கவில்லை போலும்.

கேள்வி (வழக்கறிஞர், சென்னை): டோக்கியோ விசாரணையில் இந்தியரின் பங்கு என்ன?

பதில்: ஜப்பானின் போர்க்காலத் தலைவர்கள்மீது மே 3 அன்று தொடங்கிய அந்தப் போர்க்குற்ற விசாரணையில் 28 பேர் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தனர். நீதிபதிகள் 11 பேரில் ராதாபினோத் பாலும் ஒருவர். குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் குற்றவாளியல்லர் என்ற அவருடைய மாறுபட்ட தீர்ப்பு 1948-இல்தான் வந்தது.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): இத்தனை துன்பத்தில் கலைக்கு இடம் இருந்ததா?

பதில்: இருந்தது, தணிக்கையோடு. சாமுராய்ப் பழிவாங்கல் கதைகளை ஆக்கிரமிப்பு நிர்வாகம் திரையில் தடுத்தது. வானொலியில் சாதாரண மக்கள் பாடும் போட்டி சனவரியில் தொடங்கியது. ஏப்ரலில் ஹசெகாவா மச்சிகோ என்னும் இளம்பெண், ஃபுகுவோகாவின் மாலை நாளிதழ் ஒன்றில் சசாயே-சான் என்ற குடும்பத்துச் சித்திரக் கதையை வரையத் தொடங்கினார். அதன் நாயகி, யாருக்கும் அடங்கி நடக்கத் தெரியாத பெண்.