காய்ச்சலோடு திரும்பி வந்த சூப்பிப் போத்தல்

உவர்மலையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு நாலு வயது. காய்ச்சல் மாறிப் பத்து நாளாகிறது. ஆனால் எப்போதோ விட்ட சூப்பிப் போத்தலைக் கேட்டு அழுகிறான், இரவில் பாயை நனைக்கிறான், சோறு என்று சொன்னவன் 'மம்மம்' என்கிறான். பாமசியில் நரம்புத் தளர்ச்சி என்று இரண்டு டொனிக் தந்து, பேச்சுப் பயிற்சி நிலையமொன்றின் கார்டையும் நீட்டினார்கள். போகவா?"

வேண்டாம் அம்மா. உடம்பு முடியாதபோது பிள்ளை கடைசியாகப் பழகியதைத்தான் முதலில் கைவிடும். காய்ச்சலில் கிடந்தால் நாமும் அம்மா வைத்த கஞ்சியைத் தேடுவதில்லையா? உடம்பு தேறத் தேற, பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக மாறிவிடும். போத்தலுக்குப் பதில் மடியைக் கொடுங்கள். மடியில் வைத்துக் கோப்பையில் பால் பருக்குங்கள். பாய் நனைந்தால் ஏசாமல் மாற்றுங்கள். 'மம்மம்' என்றால் "சோறு வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். சித்தி, மாமா முன்னால் சொல்லிச் சிரிக்கவே கூடாது.

அந்த டொனிக்கில் என்ன இருக்கிறதென்று பார்த்தீர்களா? பசிக்கென்று விற்கும் சில பாணிகளில் தூக்கம் வரவைக்கும் மருந்து உண்டு. அடித்துப்போட்டது போலத் தூங்கும் பிள்ளை பாயை நனைக்காமல் என்ன செய்யும்? அடுத்த காய்ச்சலுக்கும் பாமசிக்காரர் சொல்லி இபுபுரூபன் என்ற காய்ச்சல், வலி மருந்தை வாங்காதீர்கள். டெங்கு என்றால் அது இரத்தக் கசிவைக் கூட்டும். 2017இல் டெங்கால் நம் கிண்ணியா ஊர் பட்ட பாடு அதற்குள் மறந்துவிட்டதா?

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தாகம். இரவில் எழும்பித் தண்ணீர் கேட்கிறானா? நன்றாகச் சாப்பிட்டும் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லையா? சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? சின்னப் பிள்ளைக்குச் சீனி வருத்தமா என்று சிரிப்பார்கள். வரும். பாய் நனைவதுதான் சில பிள்ளைகளுக்கு முதல் அறிகுறி. நாளைக்கு வெறும் வயிற்றில் வாருங்கள் என்றால் கேட்காதீர்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சீனி அளவை அன்றைக்கே பார்க்க வேண்டும். வாந்தியோ வேக மூச்சோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

இதையெல்லாம் கிளினிக்கில் கேட்கலாமே என்பீர்கள். விடியவே போய் நம்பர் எடுத்து, இரண்டு நிமிடம் கிடைத்து, பாய் கதையைத் தொடங்குமுன் அடுத்த நம்பரைக் கூப்பிட்டு விடுகிறார்கள். கார்டு கொடுக்கிறவர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான். உங்கள் பகுதி மிட்வைஃபைப் பிடியுங்கள். ஐந்து வயதுவரை அவர் பார்க்க வேண்டிய பிள்ளை இவன். உடைக்காத டொனிக்கைத் திருப்பிக் கொடுங்கள். காசு தரமாட்டார்கள், கேட்டுத்தான் பாருங்களேன்.