எண்ணெய்க் கிணற்றுப் புகை: எங்கள் மீட்டர் கணக்கு செல்லுமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பழைய எண்ணெய்க் கிணறு. தை மாதத்திலிருந்து அங்கே இரவெல்லாம் தீ கொழுந்துவிட்டு எரிகிறது. ஜெனரேட்டர் புகையும் அழுகிய முட்டை நாற்றமும் தாங்கவில்லை. மகளிர் குழுவில் காசு போட்டு ஒரு காற்று மீட்டர் வாங்கி, அளவுகளை வாட்ஸ்அப்பில் போட்டோம். அவதூறு வழக்குப் போடுவதாக நிறுவனத்தார் மிரட்டுகிறார்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போன் வருகிறது. பாறையை வெடிக்கவைத்து வாயு எடுக்கிறார்களோ என்றும் பயம். எங்கள் கணக்கு கோர்ட்டில் செல்லுமா?

பதில்: சகோதரி, முதலில் காலண்டரைப் பாருங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 14-ன்படி, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். தையில் தொடங்கியது, இப்போது ஆனி. நஷ்டஈட்டுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. புகையை நிறுத்தக் கேட்பதற்கு அது இல்லை.

இனி மீட்டர். கையடக்க மீட்டர்கள் பெரும்பாலும் நுண்தூசியைத்தான் காட்டும். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். அது அதில் தெரியாது. பென்சீன் என்ற நச்சு ஆவியும் தெரியாது. பி.எம். 2.5 நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பதுதான் தேசிய வரம்பு. இரவு ஒன்பது மணிக்கு 200 காட்டியது என்ற ஒற்றைப் படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடுவார். நாள் முழுக்க ஓடவிட்ட கணக்கைத் தள்ளுவது கடினம்.

காற்றுச் சட்டம் 1981, பிரிவு 26-ன்படி, வெளியேறும் புகையின் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி எடுத்தால்தான் அந்தச் சட்டத்தின்படி சாட்சியம். அதற்காக உங்கள் உழைப்பு வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த அதிகாரியை ஊருக்கு வரவைப்பதே அந்தக் கணக்குதான். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதைப் பார்த்து ஆய்வுக் குழுவை அனுப்ப உத்தரவிடலாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதி மக்கள் 2004-இல் பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, என்ன நாற்றம், எந்தப் பிள்ளைக்கு இருமல். பக்கத்துக்கு இரண்டு பேர் கையெழுத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. சீட்டை அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மீட்டரின் மூலப் பதிவை அழிக்காதீர்கள். வழக்கமான கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அது தேவைப்படும்.

கூடவே பத்து ரூபாய்க்கு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். கிணற்றுக்கு வாரியம் தந்த இசைவாணை, அதன் நிபந்தனைகள், சுற்றுச்சூழல் அனுமதியின் நகல், தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். நீங்கள் பயப்படும் அந்தப் பாறை உடைக்கும் முறைக்கு, அதாவது நீரியல் விரிசல் முறைக்கு, அனுமதி உண்டா என்பதும் அதில் தெரியும். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உங்கள் மாவட்டத்தில் புதிதாக எண்ணெய், வாயு எடுப்பதைத் தடுக்கிறது, பழையவற்றைத் தொடவில்லை. பழைய கிணறு என்ற பெயரில் புதுக் கிணறு தோண்டினார்களா என்பதைத் தேதிதான் காட்டும்.

சரி, மிரட்டல். அவதூறு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-இல் வருகிறது. பொது நன்மைக்காக உண்மையைச் சொல்வதும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு புகார் தருவதும் அதில் விதிவிலக்கு. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் இதை விசாரிக்கவும் முடியாது. சாட்சியாகக்கூட ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். அதற்கும் எழுத்தில் உத்தரவு வேண்டும். அடுத்த போனுக்கு, "எழுதிக் கொடுங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், குழுவில் யாரும் "விஷவாயு", "கொலைகாரர்கள்" என்று எழுத வேண்டாம். அளந்ததை மட்டும் எழுதுங்கள்.

மனு சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் பலம்தான். ஆனால் அதற்காக ஆகஸ்ட் 15 வரை காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் அதற்குள் முடிந்துவிடும்.