பழைய மஸில் காரில் டர்போ போட்ட 5.3 எல்எஸ் இன்ஜின்: கேள்வி பதில்

1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் மஸில் கார்களில், அதே கம்பெனியின் ட்ரக்கிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் எல்எஸ் வகை வி8 இன்ஜினை உட்கார வைத்து ஒற்றை டர்போ (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) போடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. பங்கில் கிடைக்கும் பெட்ரோல், சுமார் 500 குதிரைத்திறன், தெருவில் ஓட்டும் வண்டி என்ற கணக்கில்தான் எல்லாப் பதிலும்.

கேள்வி: அண்ணா, என் 1969 கமேரோவில் பழைய 350 (கன அங்குல வி8 இன்ஜின்) நன்றாகத்தான் ஓடுகிறது. அதிலேயே டர்போ போட்டால் என்ன?

போடலாம். ஆனால் அதே செலவில் ட்ரக் இன்ஜின் அதிகம் தாங்கும். பெரும்பாலான 350களில், கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பிளாக்கோடு பிடித்திருக்கும் மெயின் கேப் ஒன்றுக்கு இரண்டே போல்ட். 5.3-இல் செங்குத்தாக நான்கு, பக்கவாட்டில் இரண்டு என்று ஆறு போல்ட். பிளாக்கின் சுவரும் கிராங்க்குக்குக் கீழே வரை இறங்கி நிற்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் இருப்பதால் பூஸ்டில் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தத்தில்) தீப்பொறி அணைந்துபோகும் தொல்லையும் குறைவு. இன்னொன்று, கார்புரேட்டருக்குள் காற்றை அழுத்தி அனுப்பி, எல்லா நிலையிலும் கலவையைச் சரியாக வைப்பது தனி வித்தை. இன்ஜெக்‌ஷனில் அது எண்ணாகக் கண்முன் நிற்கும், தவறினால் திருத்தலாம்.

கேள்வி: பழைய வண்டி உடைக்கும் இடத்தில் 5.3 என்று சொல்லி 4.8-ஐத் தலையில் கட்டிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளாக்கில் உள்ள எழுத்தை நம்பாதீர்கள். இரண்டுக்கும் பொதுவான வார்ப்பு என்பதால் 4.8/5.3 என்று சேர்த்தே இருக்கும். இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) ஒன்றுதான், 96 மி.மீ. வித்தியாசம் ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்): 4.8-க்கு 83 மி.மீ., 5.3-க்கு 92 மி.மீ. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஒரு மெல்லிய மரக்குச்சியைப் பிஸ்டன் மேல் நிற்க வைத்து, கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். குச்சி மேலே ஏறி நின்ற இடத்தில் ஒரு கோடு, கீழே இறங்கி நின்ற இடத்தில் ஒரு கோடு. குச்சி சாய்வாக நிற்பதால் அளவு துல்லியமாக வராது. ஆனாலும் 9 மி.மீ. வித்தியாசத்தை மறைக்க முடியாது. வண்டியும் கூடவே நின்றால் வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) எட்டாவது எழுத்தைப் பாருங்கள். 1999 முதல் வந்த மூன்றாம் தலைமுறை இன்ஜின் ட்ரக்கில் 'டி' (T) என்றால் எல்எம்7 என்ற 5.3, 'வி' (V) என்றால் 4.8.

4.8 வந்து மாட்டினாலும் அழ வேண்டாம். அதுவும் பூஸ்டை நன்றாகத் தாங்கும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவைதான் கொஞ்சம் குறையும்.

கேள்வி: இன்ஜினைப் பிரிக்காமல் அப்படியே டர்போ போட்டுவிடலாம் என்கிறார்கள். பிஸ்டன் ரிங் இடைவெளியைக் கட்டாயம் கூட்ட வேண்டுமா சார்?

6, 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பூஸ்டோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் பிரிக்காமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. 10-க்கு மேல் போகும் எண்ணம் இருந்தால் பிரித்துவிடுங்கள். இந்த இன்ஜின்கள் பூஸ்டில் சாகும் வழிகளில் முதன்மையானது இந்த இடைவெளிதான்.

காரணம் இது. மேல் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் கம்பெனி விடும் இடைவெளி, டர்போ இல்லாத இன்ஜினின் சூட்டுக்குக் கணக்குப் போட்டது. பூஸ்டில் சூடு கூடும், ரிங் நீளும், முனைகள் முட்டிக்கொள்ளும். அதற்குமேல் நீள இடமில்லாததால் ரிங் சிலிண்டர் சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். கிராங்க் பிஸ்டனை இழுப்பதை நிறுத்தாது. விளைவு, ரிங் உட்காரும் பள்ளத்தின் மேல் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஓரம் பிறை வடிவில் உடைந்திருக்கும், ரிங் முனைகள் இரண்டும் கண்ணாடி போலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்தால் முனைகள் முட்டியது உறுதி.

அளவு: போரை 0.006-ஆல் பெருக்குங்கள். 3.78 அங்குலத்துக்கு 0.0227 அங்குலம், அதாவது 0.58 மி.மீ. இரண்டாவது ரிங்குக்கு அதைவிட ஒரு 0.05 மி.மீ. கூடுதல். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து சுமார் 25 மி.மீ. கீழே தள்ளுங்கள், அப்போதுதான் ரிங் சாயாமல் நேராக உட்காரும். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். ராவும்போது ஒரு முனையை மட்டும் ராவுங்கள். அரத்தை வெளிமுகத்திலிருந்து உள்பக்கமாக மட்டுமே ஓட்ட வேண்டும். திருப்பி ஓட்டினால் வெளிமுகத்தின் மாலிப்டினம் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். முடிந்ததும் பிசிறை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தட்டிவிட்டு, விரல் நுனியால் தடவிப் பாருங்கள், நகத்தில் எதுவும் மாட்டக் கூடாது. ஒரு சிலிண்டருக்கு ராவிய ரிங்கை வேறு சிலிண்டரில் போடாதீர்கள்.

0.05 மி.மீ. கூடிப்போனால் கொஞ்சம் புகை கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் அறை) போகும், அவ்வளவுதான். அதே 0.05 குறைந்துபோனால் பிஸ்டன் போச்சு. சந்தேகம் வந்தால் பெரிய பக்கமே நில்லுங்கள்.

கேள்வி: எத்தனை பிஎஸ்ஐ வரை போகலாம்?

பிஎஸ்ஐ எண் மட்டும் ஒன்றும் சொல்லாது. கடல்மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ. 10 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் உள்ளே 24.7, அதாவது 1.68 மடங்கு. டர்போ இல்லாமல் 300 குதிரைத்திறன் தரும் இன்ஜின் அந்த மடங்கில் 500-ஐத் தொடும். அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 பவுண்டு காற்று வேண்டும். டர்போவின் கம்ப்ரஸர் வரைபடத்தில் 1.68-க்கும் 50-க்கும் கோடு இழுத்தால் அது நடுத்தீவுக்குள் (டர்போ திறம்பட வேலை செய்யும் பகுதி) விழ வேண்டும். ஓரத்தில் விழும் டர்போ காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்கும் வேலையைத்தான் அதிகம் செய்யும். நல்ல கம்ப்ரஸரிலேயே 30 டிகிரிக் காற்று 10 பிஎஸ்ஐயில் கிட்டத்தட்ட 100 டிகிரிக்கு ஏறிவிடும். இன்டர்கூலரை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

தாங்கும் எல்லை கனெக்டிங் ராடை (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பொறுத்தது. எல்எம்7 போன்ற மூன்றாம் தலைமுறை 5.3-இல் பிஸ்டன் பின்னை அழுத்திப் பொருத்திய ராட்; சக்கரத்தில் 550, 600 குதிரைத்திறனோடு நிற்பது நல்லது. நான்காம் தலைமுறையில் பிஸ்டன் பின் மிதக்கும் ராட், கனமானது, அதற்கு மேலும் போகும். ஆனால் அந்தத் தலைமுறையில் பாதி சிலிண்டரை அணைக்கும் ஏற்பாடு உள்ள இன்ஜின் என்றால், அதற்கான கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர், மேல் மூடி மூன்றையும் சாதாரண வகைக்கு மாற்றிய பிறகே பூஸ்ட். ஒரு எச்சரிக்கை: ராடை வளைப்பது உச்ச ஆர்பிஎம் அல்ல. சின்ன டர்போ 3000 ஆர்பிஎம்மிலேயே முழுப் பூஸ்டையும் கொட்டும்போது வரும் டார்க்தான் (முறுக்குவிசை) வளைக்கும்.

கேள்வி: வால்வ் ஸ்பிரிங் மாற்றச் சொல்கிறார்கள். கேம் பழையதுதானே, எதற்கு?

இன்டேக் வால்வின் முதுகில் பூஸ்ட் உட்கார்ந்து அழுத்துகிறது. 5.3 ஹெட்டில் அந்த வால்வ் 1.89 அங்குல விட்டம், பரப்பு 2.8 சதுர அங்குலம். 10 பிஎஸ்ஐ என்றால் 28 பவுண்டு. பழைய ஸ்பிரிங் மூடிய நிலையில் தருவதே 76 பவுண்டு அளவு; அதுவும் லட்சம் மைல் ஓடித் தளர்ந்திருக்கும். அதில் 28 போனால் வால்வ் உட்கார்ந்த இடத்தில் துள்ளும், 5500-க்கு மேல் இழுவை செத்துவிடும். பலர் அதைப் பெட்ரோல் பிரச்சினை என்று நினைத்து வாரக்கணக்கில் தேடுவார்கள். ஸ்பிரிங்கை மாற்றுங்கள், தண்டவாளம் போல நேராக ஏறும்.

கேள்வி: இன்ஜெக்டர், பம்ப் அளவை எப்படிக் கணக்கிடுவது?

டர்போ இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.65 பவுண்டு பெட்ரோல் என்று வையுங்கள். 500-க்கு 325 பவுண்டு. எட்டால் வகுத்தால் 40.6. இன்ஜெக்டரை எண்பது சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, எனவே 0.8-ஆல் வகுத்தால் 51. கடையில் வாங்க வேண்டியது 60 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 630 சிசி. இ85 (பெரும்பகுதி எத்தனால் கலந்த பெட்ரோல்) ஓட்டுவதானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வேண்டும், 80-க்குப் போங்கள்.

அந்த 325 பவுண்டு மணிக்கு 200 லிட்டர். 255 லிட்டர் பம்ப் போதுமே என்று தோன்றும், அங்கேதான் வழுக்கும். அட்டையில் போட்ட லிட்டர் குறைந்த அழுத்தத்தில் அளந்தது. உங்கள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 58 பிஎஸ்ஐ, ரெகுலேட்டர் பூஸ்டோடு சேர்ந்து ஏறுவதால் முழுப் பூஸ்டில் 68. அந்த அழுத்தத்தில் 255 பம்ப் விளிம்பில் நிற்கும். 340 அல்லது 450 போடுங்கள். ரெகுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வாக்யூம் குழாய் போக வேண்டும். அது இல்லாமல் அழுத்தம் 58-லேயே நின்றால் பூஸ்ட் ஏற ஏற இன்ஜெக்டரின் பீய்ச்சல் குறையும்.

பழைய வண்டியில் இன்னும் இரண்டு சிக்கல். ஒன்று வயர்: ஐம்பது வருட வயரில் பம்ப் ஓட்டினால் வோல்ட் விழும், பெட்ரோலும் விழும். பேட்டரியிலிருந்து 10 கேஜ் வயர், ரிலே, ஃபியூஸ், நல்ல எர்த். இரண்டாவது, டேங்க்: பழைய தகர டேங்குக்குள் சரியான தடுப்பு இருக்காது. கால் டேங்கில் வண்டி பாயும்போது பெட்ரோல் பின்னே ஓடி, பம்ப் காற்றை உறிஞ்சும். முழுப் பூஸ்டில் அரை விநாடி காற்று போதும், பிஸ்டன் உருக. தடுப்பும் பம்ப் தொட்டியும் உள்ள டேங்க் வாங்குங்கள். டர்போவைப் பெரிதாக்க வைத்திருக்கும் காசை முதலில் இங்கே போடுங்கள்.

கேள்வி: புது டர்போ, ஆனால் ஐடிலில் நீலப் புகை. டர்போ சீல் போய்விட்டதா அண்ணா?

பெரும்பாலும் சீல் நன்றாகத்தான் இருக்கும், ஆயில் வடியும் வழி சரியில்லை. டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகும் ஆயில், வெளியே வரும்போது நுரையாகத் தன் எடையில் மட்டுமே வடிகிறது. வடிகுழாய் குறைந்தது 10 ஏஎன் (குழாய் அளவு எண்), எங்கும் மேலேறாமல், தொய்யாமல், ஆயில் பேனில் ஆயில் மட்டத்துக்கு மேலே இணைய வேண்டும். டர்போ அதற்கும் கீழே உட்கார்ந்தால் உறிஞ்சும் பம்ப் தேவை. கிராங்க்கேஸ் காற்றோட்டத்தையும் பாருங்கள். பிசிவி வால்வ் (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அனுப்புவது) வழியே பூஸ்ட் உள்ளே புகுந்தால் அந்த அழுத்தம் வடிகாலை எதிர்த்து நிற்கும். இரண்டு வால்வ் கவரிலிருந்தும் பெரிய குழாய், ஒரு கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடிக்கும் டப்பா). உள்ளே போகும் குழாய் 4 ஏஎன் போதும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் தனியாக வெல்டிங் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ட்ரக்கின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைப் பக்கம் மாற்றித் திருப்பிப் போட்டால் வாய் முன்னோக்கி வரும். வார்ப்பிரும்பு எளிதில் விரிசல் விடாது, சூட்டையும் உள்ளேயே வைத்திருக்கும். கடைசி சிலிண்டர்களின் போல்ட்கள் உடைவது இந்த இன்ஜினின் பழைய வியாதி, எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் புகையை டர்போவைத் தவிர்த்துத் திருப்பும் வால்வ்) 44 மி.மீ.க்குக் குறையாமல், இரண்டு பக்கப் புகையும் சேர்ந்த பிறகு, புகை போகும் திசையிலேயே சாய்ந்து இணைய வேண்டும். செங்குத்தாக ஒட்டினால் புகை திரும்பாது, ஸ்பிரிங் 7 பிஎஸ்ஐ என்றாலும் பூஸ்ட் 12-க்குத் தானே ஏறும். பிரேக் குழாய், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் சூட்டுக்கு மறைப்பு கட்டாயம்.

கேள்வி: பழைய டர்போ 400 கியர்பாக்ஸ் அப்படியே சேருமா? (பெயரில்தான் டர்போ என்று தெரியும்.)

பெல் ஹவுசிங் சேரும். ஆனால் எல்எஸ் கிராங்க்கின் பின்முகம் 350 போன்ற பழைய ஸ்மால் பிளாக்கைவிட 0.400 அங்குலம் உள்ளே இருக்கிறது. அந்தக் கனத்துக்கு ஸ்பேசரும் நீள போல்ட்டும் போடுங்கள். இல்லாமல் கன்வர்ட்டரை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைப்பது) போல்ட்டால் இழுத்துப் பொருத்தினால் கியர்பாக்ஸின் முன் பம்ப் போகும். பின் அச்சு 8.2 அங்குல 10 போல்ட் என்றால் ஒட்டும் டயரில் நிற்காது. 12 போல்ட் அல்லது ஃபோர்டு 9 அங்குலம்.

கேள்வி: ஆயில் பேன், தண்ணீர் வழி இவற்றில் கவனிக்க வேண்டியது?

ட்ரக் பேன் ஆழமானது, குறுக்குச் சட்டத்தில் முட்டும். இந்தக் கார்களுக்கென்றே வரும் பேன் வாங்குங்கள். ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ ரிங்கைப் புதிதாக, ஆயில் தடவி, நேராக நுழையுங்கள். அது நசுங்கினால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், பேரிங் போகும். ஹெட்டின் மூலையில் உள்ள நீராவித் துளைகளை ரேடியேட்டரின் மேல்பகுதிக்குக் குழாய் வழியே இணையுங்கள். அடைத்துவிட்டால் நீராவி அங்கேயே தேங்கும், மீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட் வெந்துபோகும்.

கேள்வி: முதல் ஸ்டார்ட்டும் முதல் பூஸ்டும் எப்படி?

இன்ஜெக்டர், காயில் இரண்டின் இணைப்பையும் கழற்றி, ஆயில் அழுத்தம் மீட்டரில் தெரியும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். பிறகு ஸ்டார்ட் செய்து, சூடேறவிட்டு, ஆறவிட்டு, மேனிஃபோல்ட் போல்ட்டையும் கிளாம்பையும் மறுபடி இறுக்குங்கள்.

மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) குறைந்தது 2 பார் வகையாக மாற்றியிருக்க வேண்டும்; பழையது வெளிக்காற்று அழுத்தத்தோடு நின்றுவிடும், பூஸ்டைப் பார்க்கவே பார்க்காது. பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்ஜிகே டிஆர்6 (TR6) போல, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. கலவை முழுப் பூஸ்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 பங்கு காற்று. டைமிங் (தீப்பொறி எவ்வளவு முன்னதாக வர வேண்டும் என்பது) 12 டிகிரியில் தொடங்கி, அமெரிக்க 93 ஆக்டேனில் டைனோ (சக்தி அளக்கும் இயந்திரம்) மேல் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் கூடுவது நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள், நாக்கிங் (கலவை தானாக வெடிக்கும் தட்டல் ஓசை) கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் பூஸ்ட், வேஸ்ட்கேட் ஸ்பிரிங் மட்டும், 6, 7 பிஎஸ்ஐ. ஓட்டம் முடிந்ததும் இன்ஜின் கணினியின் பதிவில் முதலில் பார்க்க வேண்டிய கோடு பெட்ரோல் அழுத்தம். பூஸ்ட் 7 ஏறினால் அதுவும் 58-லிருந்து 65-க்கு ஏறியிருக்க வேண்டும். 62-லேயே தட்டையாக நின்றிருந்தால், பம்ப், வயர், ஃபில்டர் மூன்றையும் பார்க்கும்வரை அடுத்த ஓட்டம் கிடையாது.