போர்க்காலக் கனவுகளால் நித்திரை இல்லாத தம்பிக்கு மருத்துவக் கஞ்சா கை கொடுக்குமா?

கேள்வி: நாங்கள் கனடாவில் இருக்கிறோம். தம்பிக்குப் போர்க்கால நினைவுகளால் இரவில் நித்திரை இல்லை, கெட்ட கனவுகள். மருத்துவக் கஞ்சா எடுத்தால் சுகம் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

நித்திரை வரும். ஆனால் இந்த நோய் (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய், PTSD) சுகமாகும் என்று நம்பி மட்டும் தொடங்க வேண்டாம். நான் ஸ்காபரோவில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். ஆனால் இதை எழுதுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் என் அத்தான். வன்னியில் கடைசிக்கட்டப் போருக்குள் இருந்து தப்பி வந்தவர். கனடா தினமான யூலை முதலாம் திகதி இங்கே வாணவேடிக்கை விட்டால், பேஸ்மென்டுக்குள் போய் இருந்துவிடுவார். வைத்தியர் எழுதிக் கொடுத்த ஆவணத்தோடு அனுமதி பெற்ற நிறுவனத்தில் பதிந்து, மருத்துவக் கஞ்சாவைத் தபாலில் எடுத்தார். முதல் சில மாதங்கள் வீடே மாறிப்போனது. அக்காவும் பிள்ளைகளும் இரவில் அலறல் கேட்காமல் படுத்தார்கள். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பிறகு நடந்ததைத்தான் உங்கள் நண்பர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள். கஞ்சாவில் மயக்கம் தருவது டி.எச்.சி. அது நாம் அதிகம் கனவு காணும் நித்திரைக் கட்டத்தைக் குறைக்கிறது. கெட்ட கனவு நின்றுபோவதற்கு இது ஒரு முக்கிய காரணம். தினமும் எடுக்க எடுக்க, மூளையில் அதை ஏற்கும் வாங்கிகள் குறைகின்றன. அதே பலனுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த கனவுகள் முன்பைவிடப் பயங்கரமாகத் திரும்பி வரும். எரிச்சல், வியர்வை, பசியின்மை எல்லாம் சேரும். பெரும்பாலானவர்களுக்கு முதல் வாரம்தான் மோசம், பிறகு தணியும். ஆனால் அந்த வாரத்தில் இருக்கிறவருக்கு அது தெரியாது. ‘பார், இது இல்லாவிட்டால் எனக்கு வருத்தம் திரும்பி வருகிறது’ என்று முடிவு கட்டிவிடுவார். அத்தானும் அப்படித்தான் நம்பினார். கனவைத் தள்ளி வைத்த காலமெல்லாம் அந்த நினைவுகளைப் பற்றி அவர் யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டால், நம்பிக்கை தரும் அளவுக்கு இன்னும் இல்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் இதே நோயுள்ள முன்னாள் அமெரிக்கப் படையினர் 80 பேரைச் சேர்த்து, சிலருக்குக் கஞ்சாவும் சிலருக்கு வீரியம் நீக்கிய போலிக் கஞ்சாவும் புகைக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாக் குழுவினருக்கும் நோயின் குறிகள் கொஞ்சம் குறைந்தன. போலியைவிட அசல் சிறந்தது என்று காட்ட முடியவில்லை. கனடிய இராணுவத்தினர் 10 பேரில் நாபிலோன் என்ற குளிசையைக் கொடுத்துப் பார்த்தபோது கெட்ட கனவு குறைந்தது. டி.எச்.சி.யைப் போலச் செயற்கையாகச் செய்த மருந்து அது. அளவு தெரியும், மருந்தகத்தில் கிடைக்கும். பத்துப் பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். என்றாலும், கஞ்சாப் பூவைப் புகைப்பதற்கு முன் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்பது நல்லது என்பது என் எண்ணம். பிரசோசின் என்ற இரத்த அழுத்த மருந்தையும் இந்தக் கனவுகளுக்குக் கொடுப்பார்கள்; சிலருக்கு நன்றாக வேலை செய்யும், சிலருக்கு ஒன்றும் தெரியாது.

இனி நான் மன்றாடிக் கேட்கும் விடயம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனை நோயோ இருந்ததா? எங்கள் வீடுகளில் இதை வெளியே சொல்லமாட்டார்கள். ‘மாமாவுக்கு நரம்புத் தளர்ச்சி’, ‘சித்தி ஆட்களோடு சேரமாட்டார்’, ‘பெரியப்பாவுக்கு யாரோ செய்வினை வைத்தது’ என்று மூடிவிடுவார்கள். அம்மாவிடம் இருந்து ஆறுதலாகக் கேளுங்கள். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்டதா, அக்கம்பக்கத்தவர் மீது காரணமில்லாமல் சந்தேகப்பட்டாரா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆம் என்றால், அல்லது தம்பிக்கே அப்படி ஏதாவது இருந்தால், டி.எச்.சி. உள்ள எதையும் தொட விடாதீர்கள். சுவீடனில் இராணுவத்தில் சேர்க்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் முடிவு வெளியிட்டார்கள்: அதிகமாகக் கஞ்சா எடுத்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்கு. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் செய்த ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுத்தவர்களுக்கு உளப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை உண்மை என்று நம்புவது) வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்குக் கிட்ட இருந்தது. அங்கே வீரியம் கூடியது என்று எடுத்துக்கொண்டது 10 சதவீத டி.எச்.சி. இங்கே கடைகளில் 20ஐத் தாண்டியது சாதாரணமாகக் கிடைக்கிறது.

கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி.யின் எண்ணெய் வேறு. அது மயக்காது. பதற்றத்துக்கு உதவலாம் என்பதற்குச் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் கொடுத்தது பல நூறு மில்லிகிராம். கடையில் வாங்கி நாக்கின் கீழ் விடும் சில துளிகள் அதற்குப் பக்கத்திலும் வராது. அந்த அளவுக்கு எடுத்தால் சிற்றலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடவும் கூடும். தம்பி ஓலான்சபின் அல்லது குளோசபின் என்ற உளப்பிறழ்வு மருந்து எடுப்பவராக இருந்தால் இன்னொன்று: புகையிலையோ கஞ்சாவோ, புகை உள்ளே போனால் அந்த மருந்து உடலில் சீக்கிரம் கரைந்துவிடும். புகைப்பதை நிறுத்தினால் அளவு ஏறும். இரண்டு பக்கமும் ஆபத்து. மருந்தாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தம்பி இப்போதே எடுக்கிறார் என்றால் சண்டை பிடித்துப் பறிக்க வேண்டாம். 2018 அக்டோபர் 17க்குப் பிறகு கனடாவில் பெரியவர்கள் சட்டம் அனுமதித்த அளவுக்குள் வைத்திருப்பது குற்றமில்லை, அதனால் வைத்தியரிடம் ஒளிக்கவும் தேவையில்லை. எவ்வளவு, எத்தனை வீதம் டி.எச்.சி., புகையா எண்ணெயா என்று எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். குறைப்பதைப் படிப்படியாகச் செய்யலாம். அத்தான் அப்படித்தான் குறைத்தார், கூடவே அதிர்ச்சிக்கான உளச்சிகிச்சைக்கும் போனார். நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் சிகிச்சை அது. இந்த நோய்க்கு மிக வலுவான சான்று உள்ளது இந்த வகைச் சிகிச்சைகளுக்குத்தான். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, தமிழில் கதைக்கக்கூடிய ஒருவரைத் தேட அக்கா நிறைய அலைந்தார். நீங்களும் குடும்ப வைத்தியரிடம் முதலே தமிழில் கதைப்பவர் வேண்டும் என்று கேட்டு வையுங்கள், காத்திருக்கும் பட்டியல் நீளம்.

ஊருக்குப் போகும்போது மட்டும் பெட்டிக்குள் வைக்க விடாதீர்கள். வைத்தியர் கொடுத்த ஆவணம் இருந்தாலும் கனடா எல்லையைத் தாண்டிக் கொண்டு போவதும் கொண்டு வருவதும் குற்றம்.