ஜோடி முயல் இலவசம், ஆனால் பட்ஜெட்?

கேள்வி: வணக்கம் சார். வயது 29, வேளச்சேரியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000. வாடகை 16,000, ஊருக்கு 12,000, என் செலவு 15,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 5,000, கிரெடிட் கார்டு இஎம்ஐ 6,500 (இன்னும் ஐந்து மாதம்). சேமிப்புக் கணக்கில் 85,000 இருக்கிறது. யாரோ மொட்டை மாடியில் விட்டுப்போன இரண்டு முயல்களைச் சிலர் மீட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டு வயது, ஆணும் பெண்ணும், ஒன்றை விட்டு ஒன்று இருக்காதாம். கொடுத்தால் ஜோடியாகத்தான், பணம் வேண்டாம் என்கிறார்கள். அம்மா, "ஒண்ணு மட்டும் வாங்கிக்கோ, செலவு பாதி" என்கிறார். இரண்டையும் எடுத்தால் எஸ்ஐபியை நிறுத்த வேண்டியிருக்குமா?

பதில்: அம்மாவிடம் சொல்லுங்கள், பாதியாகாது. கூண்டு, தடுப்பு வேலி, புழுக்கை போடும் ட்ரே, மே மாதம் ஓடப்போகிற ஏசி இதெல்லாம் ஒரு முயலுக்கும் வேண்டும், இரண்டுக்கும் அதேதான். காய்ந்த புல், கீரை, கொஞ்சம் பெல்லட் (கடையில் விற்கும் முயல் தீவன உருண்டை) என்று ஜோடிக்கு மாதம் 4,500 ஆகும் என்று போட்டால் ஒற்றைக்கு 2,800 ஆகும், இது என் உத்தேசம்தான், ஆக மிச்சம் 1,700. அந்த 1,700க்காகப் பழகிய ஜோடியைப் பிரித்தால் மிச்சமான முயல் சாப்பாட்டை விட்டுவிடலாம். முயல் விஷயத்தில் அது சின்ன சமாச்சாரம் இல்லை. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் தின்னாமல் புழுக்கையும் போடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்துவிட்டால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

எனக்கு இது நடந்திருக்கிறது, அதுவும் தீபாவளி ராத்திரி. வெடிச் சத்தத்தில் எங்கள் வீட்டு முயல் கொத்தமல்லித் தழையைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. மூன்று கிளினிக்குக்குப் போன் போட்டேன், மூன்றிலும் "நாங்க நாய், பூனை மட்டும்தான் பார்க்கிறோம்" என்றார்கள். ஒருவழியாக ஆள் கிடைத்து எக்ஸ்ரே, குளுக்கோஸ், ஊசி எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது விடிந்திருந்தது, பர்ஸும் காலி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு, அதை மனதில் வையுங்கள், ஆனால் அகால நேரத்தில் எங்கே போவது என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், நான் பார்த்த செல்லப்பிராணி பாலிசிகள் எல்லாம் நாய்க்கும் பூனைக்கும்தான்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். மாதச் செலவெல்லாம் கூட்டினால் 54,500, கையில் நிற்பது 7,500. அதில் முயலுக்கு 4,500 போனால் 3,000. ஏசி அந்த 3,000-ஐக் கோடையில் தின்றுவிடும். முயலுக்கு நம் ஊர் வெயில் ஆகாது, மின்விசிறி மட்டும் போதாது. இரண்டு மாத கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் முதலில் கிடைக்கும் குறைந்த ரேட்டும் போய், மேலே போகப் போக விலையும் ஏறும். இரண்டு வயது முயல் வீட்டுக்குள்ளே நன்றாக வளர்ந்தால் இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கும். மாதம் 4,500 என்றால் எட்டு வருஷத்துக்கு 4,32,000, விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டாலும்கூட. இலவச முயலின் விலை அதுதான்.

எஸ்ஐபியைத் தொடாதீர்கள். நிறுத்துவது சுலபம், திரும்ப ஆரம்பிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 85,000-ஐ எடுத்து இஎம்ஐயை முடித்துவிடலாம் என்றும் தோன்றும், வேண்டாம். ஐந்து தவணைதான் பாக்கி, வட்டியில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாயிற்று, முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் வேறு கேட்பார்கள், உங்களுக்கு இப்போது தேவை கையில் ரொக்கம். எஸ்ஐபி போக உங்கள் மாதச் செலவு 49,500, அவசர நிதியாக மூன்று மாதச் செலவுக்கு ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 85,000தான் இருக்கிறது.

அதனால் மீட்டவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: "இரண்டையும் ஐந்து மாதம் ஃபாஸ்டராக, அதாவது தற்காலிகப் பராமரிப்பில், வைத்துக்கொள்கிறேன், தீனி என் செலவு, வைத்தியம் உங்களுடையது, அப்புறம் முழுசாக எடுத்துக்கொள்கிறேன்." பலர் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் இடம் வேண்டுமே. உங்களுக்கு என் உத்தேசம் இல்லாமல் நிஜக் கணக்கு கிடைக்கும். இஎம்ஐ முடிந்ததும் அந்த 6,500-இல் 2,000-ஐ முயல் வைத்தியத்துக்கென்று ஒரு ஆர்டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள், மீதி 4,500 அவசர நிதிக்கு. 85,000-இலிருந்து 25,000-ஐ அந்த ஆர்டிக்குத் துணையாகத் தனிக் கணக்கில் வையுங்கள், நடுராத்திரியில் ஆர்டியை உடைத்துப் பணம் எடுக்க எல்லா வங்கியிலும் முடியாது. ஃபாஸ்டருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இப்போது எடுக்காதீர்கள், கஷ்டமாக இருந்தாலும்.

அப்புறம், கருத்தடை ஆகிவிட்டதா? ஆணும் பெண்ணும் என்கிறீர்கள். முயல் ஒரே மாதத்தில் குட்டி போடும், போட்ட அன்றே மறுபடி சினையாகவும் முடியும். ஆகவில்லை என்றால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை வாங்குமுன் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள், ஆணுக்குச் செய்த பிறகும் சில வாரம் பிரித்து வைக்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் முன்னால் வீட்டு ஓனரிடம் கேட்டீர்களா? முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறிக்காமல் இருக்காது. எங்கள் முயல் சார்ஜர் ஒயர் நான்கையும் படுக்கையறைக் கதவு நிலையின் அடிப்பகுதியையும் கொறித்தது, காலி செய்யும்போது ஓனர் கதவு நிலைக்கு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்.