கிணற்று நீர் "வரம்புக்குள்" இருந்தால் போதுமா?

கேள்வி: நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணற்று நீரின் தரத்தை எப்படிக் கண்காணிப்பது? அறிக்கையில் என்ன எழுதுவது?

கேட்கும் விதத்தைப் பார்த்தால் ஜாரியா, ராணிகஞ்ச், சிங்கரேணி போன்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் சுற்றுச்சூழல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் என்று தோன்றுகிறது. சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினீர்கள் என்று ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தரவேண்டிய அரையாண்டு அறிக்கை உங்கள் தலையில் விழுந்திருக்கும். அப்படி வைத்துக்கொண்டே சொல்கிறேன். நெய்வேலியை நினைத்துக் கேட்டிருந்தால் இந்தப் பதில் பொருந்தாது. அது திறந்தவெளிச் சுரங்கம், பழுப்பு நிலக்கரி.

முதலில் "வரம்புக்குள்" என்ற சொல்லை விடுங்கள். ஐஎஸ் 10500 குடிநீருக்கான தரம். சுரங்கம் நீரை மாற்றுகிறதா என்று அது சொல்லாது. ஒரு கிணற்றில் சல்பேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி 75, 110, 160 என்று ஏறினால்கூட, வரம்பு 200 என்பதால் நான்கு வருடமும் அறிக்கை ஒரே பாட்டைத்தான் பாடும். கிணறு கெட்டுக்கொண்டே இருக்கும். அதே கிணற்றின் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள், வரைபடம் போடுங்கள்.

சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலக்கரியோடு வரும் பைரைட்டில் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டால் அமிலம், இரும்பு, சல்பேட் மூன்றும் வெளியாகும். மேகாலயாவின் ஜெயின்டியா மலையில் கந்தகம் அதிகம், அங்கே அமிலத்தன்மை நேரடியாகவே தெரியும். ஜாரியா, சிங்கரேணி போன்ற இடங்களின் பழமையான கோண்டுவானா பாறை அடுக்கு நிலக்கரியில் கந்தகம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழ். பாறையிலுள்ள கார்பனேட் அந்த அமிலத்தை முறித்துவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.5-ல் அசையாமல் நிற்க, சல்பேட்டும் கடினத்தன்மையும் ஏறும். பிஎச் மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

எங்கே எடுப்பது? சுரங்கத்தின் சம்ப் நீர் (உள்ளே ஊறி ஒரு குழியில் சேரும் நீர்) கட்டாயம், மூலத்தின் கையெழுத்து அதில்தான் இருக்கும். நிலத்தடி நீர் ஓட்டத்துக்கு மேல்பக்கம் ஒரு இடம், கீழ்பக்கம் இரண்டு மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் மேலடுக்குக்கு ஒரு பீசோமீட்டர் (நீரைக் கண்காணிக்க இறக்கும் குழாய்க் கிணறு), ஆழத்து மணற்பாறைக்குத் தனியாக ஒன்று, நடுவே நீரில் ஊறி உப்பும் பென்டோனைட் களிமண் அடைப்பு. எல்லா அடுக்கும் திறந்த ஒரே போர்வெல்லில் எடுத்தால் கலந்த நீர்தான் கிடைக்கும். தாங்கி நிற்கும் நிலக்கரித் தூண்களை எடுத்துச் சுரங்கக் கூரையை விழவிடும் பகுதிக்கு நேர் மேலே குழாய் இறக்காதீர்கள். நிலம் தாழும்போது குழாய் முறியும்.

இனி சாம்பிள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். குழாயில் தேங்கி நின்ற நீரை எடுக்கக் கூடாது. 100 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு 7.85 லிட்டர். 20 மீட்டர் நீர் நின்றால் 157 லிட்டர். அதுபோல் மூன்று மடங்கு, சுமார் 470 லிட்டர் இறைத்து, பிஎச் 0.1-க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நிலைத்த பிறகு பாட்டிலை நிரப்புங்கள். உலோகங்களுக்கான பாட்டிலை அந்த இடத்திலேயே 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வடிகட்டாமல் ஆசிட் விட்டால் மிதக்கும் களிமண் கரைந்து இரும்பின் அளவு பொய்யாக அதிகமாகத் தெரியும். ஆசிட் விடாமல் லேப் வரை கொண்டுபோய் வடிகட்டினால் இரும்பு மஞ்சள் படிவாக இறங்கி ஃபில்டரில் தங்கிவிடும். ஒரே கிணற்றில் இரும்பு ஒரு வருடம் 0.1, மறு வருடம் 4 என்று வருவது பெரும்பாலும் இந்தக் கூத்துதான். காரத்தன்மையையும் கிணற்றடியிலேயே பாருங்கள்.

முடிவு வந்ததும் நேர் அயனி, எதிர் அயனிக் கூட்டலைச் சரிபாருங்கள், இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். லிட்டருக்கு மில்லிகிராமில் வந்த எண்களில் கால்சியத்தை 20.04, மக்னீசியத்தை 12.15, சோடியத்தை 23, பொட்டாசியத்தை 39.1 ஆலும், பைகார்பனேட்டை 61, குளோரைடை 35.5, சல்பேட்டை 48, நைட்ரேட்டை 62 ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். இரு கூட்டலின் வித்தியாசத்தை இரண்டின் மொத்தத்தால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் வரவேண்டும். வராவிட்டால் லேபுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

சுரங்கத்தின் மேல் பழி போடுகிறேன் என்று சிலர் வருவார்கள். இல்லை. நைட்ரேட் வெடிமருந்திலிருந்தும் வரும், கழிப்பறைக் குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும். தெலங்கானாவில் ஃபுளோரைடு பெரும்பாலும் பாறையிலிருந்தே வருவது. சம்ப் நீரோடு ஒப்பிடாமல் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, விடுவிக்கவும் முடியாது.

பல சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்களில் நீர்மட்டம் மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என நான்கு முறை, தரம் மட்டும் மே மாதத்தில் என்று இருக்கும். கோடையில் பைரைட் மேல் படிந்த உப்பு மழைநீரில் கரைந்து வருவது அதற்குப் பிறகு. ஆகஸ்டிலும் நவம்பரிலும் நீங்களாகவே எடுங்கள், விதி தடுக்கவில்லை.

கேட்காத விஷயம் ஒன்று, ஆனால் மனதை அறுக்கிறது. இந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில் ஸ்கேன் செய்த பக்கங்களாக வருகின்றன. அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர் பேசுவது ஜார்க்கண்டின் கோர்ட்டா, வங்காளி, தெலுங்கு. கிணறு வாரியாக ஒரு பக்கத்தை அவர்கள் மொழியில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? செய்யுங்கள்.

சுரங்கம் மூடியதும் பீசோமீட்டரை மூடாதீர்கள். பம்பை நிறுத்தினால் நீர்மட்டம் ஏறி, நிலக்கரி எடுத்த வெற்றிடத்தில் பல வருடம் சேர்ந்த உப்பை முதல் தடவையாகக் கரைக்கும். சல்பேட்டும் இரும்பும் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் அப்போதுதான். நீர்மட்டம் நிலைக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள், வெவ்வேறு ஆழத்தில் தனித்தனியாக. வெற்றிடத்தில் கனமான உப்பு நீர் அடியில் தங்கும், மேலே எடுத்த சாம்பிளில் அது தெரியாது.